இறங்கிய நேரம்

என் செல்லத் தம்பி,

இந்தக் கடிதத்தை உன் கையில் தந்து, விமானம் மேலே எழும்பிய பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று உன்னிடம் சத்தியம் வாங்கப் போகிறேன். காரணம் பெரிய இரகசியமில்லை, பயம்தான். எட்டு மணித்தியாலம் நீ எனக்குத் தொலைபேசி எடுத்துச் சத்தம் போட முடியாத இடம் அது ஒன்றுதான். உன்னைப் பெற்று முப்பத்துநான்கு வருடம் வளர்த்தவளுக்கு உன் கோபத்தின் அளவு தெரியும். முதல் ஒரு மணித்தியாலம் பொங்கும், பிறகு பசிக்கும். அதனால் கைப்பையில் கட்லட் வைத்திருக்கிறேன். பெரிய பெட்டியில் ஆறு சோடி கம்பளிக் காலுறை. நேற்று நீ அவற்றை இரண்டு தரம் எடுத்து வெளியே போட்டாய். "ரொறன்ரோவில காலுறைக் கடை இல்லையே அம்மா?" என்று சிரித்தாய். நான் இரண்டு தரமும் திரும்ப வைத்தேன். அந்தக் காலுறைக்கும் ஒரு கதை இருக்கிறது, வரும்.

மூன்று கிழமைக்கு முன் ஒரு ஞாயிறு பின்னேரம் மதுராவின் தகப்பனார் கனடாவிலிருந்து வீடியோவில் வந்தாரே, நினைவிருக்கிறதா? வருங்கால மருமகனைச் சும்மா விடுகிற ஆள் இல்லை அவர். "ஏன் தம்பி, ஜேர்மனியில இவ்வளவு நல்ல வேலையை விட்டுப்போட்டு இஞ்ச வாறீர்? மதுராவை அங்க கூப்பிட்டிருக்கலாமே?" என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னாய். "மாமா, பதினாலு வயசில பறக்கப் பழக இஞ்ச ஒரு கிளைடர் கிளப்பில சேரப் போனனான். ஒரு காரணமும் சொல்லாமல் வேண்டாமெண்டிட்டாங்கள். கறுப்பு எண்டபடியால்தான். அண்டைக்கே இந்த ஊர் எனக்கு விட்டுப் போச்சு." நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். கோப்பை நிறைந்து, தட்டு நிறைந்து, மேசையெல்லாம் ஓடியது. நீ ஓடி வந்து துணியால் துடைத்தாய், "கவனம் அம்மா, கை சுட்டுப்போட்டுதா?" என்று கேட்டாய். எனக்கு உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர்கள் உன்னை வேண்டாமென்று சொல்லவில்லை, தம்பி. சொன்னது நான்.

குற்றம் ஒரு வரிதான். ஆனால் அந்த வரிக்குப் பின்னால் ஒரு கனேடியக் குண்டுவீச்சுப் படையணி முழுவதும் நிற்கிறது. அவர்களை உனக்கு அறிமுகப்படுத்தாமல் நான் செய்ததை விளங்கப்படுத்த முடியாது. சாட்டுச் சொல்கிறேன் என்று நினைப்பாய். கொஞ்சம் சாட்டும்தான்.

உனக்கு என் வேலை 'அம்மாவின் பழைய கடதாசி வேலை'. என்ன கடதாசி என்று நீ கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. இந்த நாட்டில் எங்கே அத்திவாரம் வெட்டுவதென்றாலும், நிலத்துக்குள் இரண்டாம் உலக யுத்தத்துக் குண்டு கிடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்த்து அறிக்கை எழுதுகிற சின்ன அலுவலகம் ஒன்றில் நான் பின்னேரங்களில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன். மேசைகளில், அன்று குண்டு போட்டவர்கள் ஆங்கிலத்தில் தட்டச்சடித்த பழைய தாள்களின் பிரதிகள் பரவிக் கிடக்கும். ஒரு நாள் ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவளால் அதைக் கடந்து போக முடியுமா? 'இலக்குக்கு வருமுன்பே குண்டுகளை வெளியே தள்ளிவிட்டார்கள்' என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் ஒரு மஞ்சள் துண்டில் எழுதி ஒட்டிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த நாள் இன்னும் நாலு கேள்விக்குறி. அதற்கடுத்த நாள் பத்து. இரண்டாவது கிழமை முதலாளி என் கையிலிருந்த வாளியை வாங்கி மூலையில் வைத்துவிட்டு ஒரு கதிரையைக் காட்டினார். பதினெட்டு வருடம் அந்தக் கதிரையில் இருந்தேன்.

என் மேசைக்கு வந்த தாள்களில் பெரும்பங்கு ஒரே படையணியுடையவை. கனடாவிலிருந்து கடல் தாண்டி வந்து, இங்கிலாந்தின் வடக்கே யோர்க்ஷயர் வயல்களுக்கு நடுவே முகாமிட்டு, நான்கு இயந்திரம் பூட்டிய பெரிய விமானங்களில் இந்தப் பக்கத்து ஆலை நகரங்களுக்கு வந்து போனவர்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்துத்தான் பெயர். ஒவ்வொன்றிலும் ஏழு பேர். ஓட்டுபவர், வழி கணிப்பவர், குறிபார்த்துக் குண்டை விடுபவர், வானொலிக்காரர், இயந்திரங்களைக் கவனிப்பவர், முதுகில் ஒரு துப்பாக்கிக்காரர், வாலில் இன்னொருவர். ஒவ்வொரு பயணத்தையும் படையணியின் எழுத்தர் கட்டம் கட்டமாக அடித்து வைத்திருப்பார். எந்த விமானம், யார் யார், ஏறிய நேரம், இறங்கிய நேரம், கடைசியில் ஒரு குறிப்பு. 'முகில் இல்லை. இலக்கைக் காட்டிய சிவப்பு ஒளிக்குறிகளின் மேல் குண்டு விடப்பட்டது. நல்ல தீ.' நல்ல தீயாம். நல்ல மழை, நல்ல விளைச்சல் என்று எழுதுவது மாதிரி.

அந்த நல்ல தீ எரிந்தது இங்கே, வுப்பர்டாலில், நீ புத்தகப் பையோடு மூச்சு வாங்க வாங்க ஏறிப் போன அதே சாய்ந்த தெருக்களில். நானோ யாழ்ப்பாணத்தில் பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டவுடன் வகுப்புப் பிள்ளைகளை வரிசை குலையாமல் பங்கருக்குள் இறக்கிய வாத்தியாரம்மா. மண்ணுக்குள் குந்தியிருந்து மேலே பார்த்தவர்களுக்கு, மேலே இருந்தவனின் முகம் ஒரு நாளும் தெரிந்ததில்லை. இப்போது மேலே இருந்தவனின் குறிப்பேடு என் மேசையில் கிடந்தது. வேறு நாட்டு யுத்தம், வேறு காலம், ஆனால் எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. முதல் வருடம் முழுக்க அவர்களைத் திட்டித் திட்டித்தான் வாசித்தேன். எனக்கு அவ்வளவு தூஷணம் தெரியும் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

பிறகு ஒரு பழக்கம் பிடித்தது. 'கே' என்று ஒரு விமானம். அதில் ஏழு பேரும் மாறாமல் ஒன்றாகவே போய் வந்தார்கள். முப்பது பயணம் முடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்பது அங்கே வழக்கம். வுப்பர்டாலுக்கு வந்தது அவர்களுடைய ஆறாவது. அன்றைய குறிப்பில் மற்ற விமானங்களுக்கு இல்லாத ஒரு வரி இருந்தது. ஒல்லாந்துக் கரை தாண்டும் வரைக்கும் தீயின் வெளிச்சம் தெரிந்ததாக வால் துப்பாக்கிக்காரர் சொன்னாராம். வாலில் இருப்பவர் தனியாக, மற்ற ஆறு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, பின்பக்கம் பார்த்துத்தான் இருப்பார். மற்றவர்கள் போகிற இடத்தைப் பார்க்க, அவர் விட்டுவந்த இடத்தையே பார்த்துக்கொண்டு போவார். அந்த வரியை வாசித்த அன்று ஏழு பேரிலும் அவரைத்தான் அதிகம் வெறுத்தேன். அடுத்த நாள் அலுவலகத்துக்குப் போய் மேலங்கியைக் கழற்றாமலே, அடுத்த பயணத்தில் அவர் பத்திரமாகத் திரும்பி வந்தாரா என்று தேடினேன். வந்திருந்தார். எனக்கு ஏன் ஆறுதலாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

பன்னிரண்டாவது பயணத்தில் ஏறிய நேரம் இருந்தது. இறங்கிய நேரத்துக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. எழுத்தர் அதில் ஒரு கோடுகூடப் போடவில்லை. மற்ற விமானங்களுக்கு மேலேயும் கீழேயும் எண்கள் இருக்க, நடுவில் அந்த ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தது. அப்படி வெறுமையான கட்டங்கள் அந்தப் புத்தகங்களில் நிறைய இருந்தன. அதுவரை அவற்றை நான் எண்ணமில்லாமல் கடந்து போயிருந்தேன்.

வேலைக்குத் தேவையில்லாத காரியம் ஒன்று செய்தேன். அந்த வால் துப்பாக்கிக்காரரின் தனிக்கோப்பைக் கனடாவுக்கு எழுதிக் கேட்டு வரவழைத்தேன். கோதுமை வயல்களுக்கு நடுவே ஏதோ சிற்றூரின் பெடியன். பல் எத்தனை, உயரம் எவ்வளவு என்ற தாள்களுக்குள், படையில் சேரத் தாய் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சம்மதத் தாள். அப்போது அவனுக்குப் பதினெட்டு. கோப்பின் கடைசியில் அதே கையெழுத்தில் ஒரு கடிதம், மகன் காணாமல் போனபின் அதிகாரிகளுக்கு எழுதியது. வாலில் சரியான குளிர் என்று மகன் எழுதியிருந்தானாம். தான் பின்னி அனுப்பிய தடித்த காலுறைகள் அவன் கைக்குக் கிடைத்தனவா, அன்றைக்கு அவன் அவற்றைப் போட்டிருந்தானா என்று யாராவது சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கோப்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை நீ பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தும் கழற்றாமல், ஒரு தாளை என் முன்னால் வைத்தாய். "அம்மா, பதினாலு வயசெண்டால் சேரலாமாம்! நீங்கள் ஒரு சைன் வைச்சால் காணும்."

அந்த ஆசை எனக்குப் புதிதல்ல. நாலு வயதில் நம் ஊரின் தொங்கு ரயிலில் ஏறினால், அது ஆற்றுக்கு மேலால் போகும்போது, "பறக்கிறம், பறக்கிறம்" என்று முழுப் பெட்டிக்கும் அறிவிப்பாய். பல்கனிக் கம்பியில் என் தையல் நூலைக் கட்டிவிட்டு, காற்று எந்தப் பக்கம் என்று காலையில் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாய். அந்த வருடக் கோடையில் ஒவ்வொரு ஞாயிறும் பஸ் ஏறி மலைக்கு மேலே கிளைடர் மைதானத்துக்குப் போனாய். அங்கே பயிற்சி கொடுத்த ஹெர் லோமன், இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு ஓட உன்னை விட்டார். இயந்திரம் இல்லாத அந்த மெல்லிய விமானம் கயிற்றின் இழுப்பில் எழும்பும் வரை யாராவது இறக்கையைச் சாயாமல் பிடித்து ஓட வேண்டுமே, அது நீ. புல்லும் சேறுமாக வீட்டுக்கு வந்து, "அம்மா, கையை விடேக்க அது உயிர் வந்த மாதிரி இருக்கும்" என்றாய். அன்றைக்கு இருந்த உன் முகத்தை எத்தனை தரம் நினைத்திருப்பேன்.

தாளைப் பார்த்தேன். 'பெற்றோரின் சம்மதம்' என்று அச்சடித்து, கீழே ஒரு கோடு. முதல் நாள்தான் இன்னொரு தாயின் கையெழுத்தை அப்படி ஒரு கோட்டின் மேல் பார்த்திருந்தேன். "நாளைக்கு வைக்கிறன் ராசா" என்றேன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு, உனக்கும் அப்பாவுக்கும் சொல்லாமல் அந்த மைதானத்துக்குப் போனேன். ஹெர் லோமனிடம், என் மகனுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்தது என்று சொன்னேன். வாயில் வந்த முதல் நோய் அது. பிள்ளைக்குத் தெரிந்தால் வெட்கப்படுவான், காரணம் எழுதாமல் ஒரு கடிதம் அனுப்புங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொன்னார். இல்லாத வருத்தத்தைப் பெற்ற பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன். வழியில் கோயிலில் இறங்கி, சொன்னது பலித்துவிடக் கூடாது என்று ஒரு தேங்காய் உடைத்தேன். பொய்யைத் திரும்ப எடுக்கத் தோன்றவில்லை, தேங்காய் உடைக்கத் தோன்றியது பார்.

நேரே உன்னிடம் வேண்டாமென்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொன்னால் நீ ஏன் என்று கேட்பாய், கேட்டால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். உன் முகத்துக்கு முன்னால் என்னால் எதையும் மறுக்க முடிந்ததில்லை.

கடிதம் வந்த அன்று மாடிப்படியில் நின்றே வாசித்தாய். மேலே வந்து, "கறுப்பு எண்டுதானே அம்மா?" என்று கேட்டாய். நான், "தெரியாது ராசா" என்றேன். தம்பி, வலிப்பென்று சொன்னதை விட இந்தத் 'தெரியாது'தான் என்னைக் கூடுதலாக அரித்தது. அந்தக் கிழமையே நீ செய்து வைத்திருந்த பலகை விமானத்தைப் பழைய தளபாடங்களோடு தெருவில் கொண்டுபோய் வைத்தாய். நூலை அறுத்தாய். வீட்டுக்கு வந்து போன ஜேர்மன் சிநேகிதப் பெடியன்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அப்பாவிடம் கடிதம் வந்த அன்றிரவே உண்மையைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "பெடியனுக்குச் சொல்லிப்போடும். நீர் சொல்லாட்டி அவன் இந்த ஊரையெல்லோ வெறுக்கப் போறான்" என்றார். "வளர்ந்தாப் பிறகு சொல்லுறன்" என்றேன். நீ வளர்ந்தாய், படித்தாய், வேலைக்குப் போனாய். ஆறு வருடத்துக்கு முன் அப்பாவும் போய்விட்டார். நான் சொல்லவே இல்லை. இந்த ஊர் உனக்கு வேறு அநியாயம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வீடு தேடிப் போனபோது நம் பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்தியவர்கள் இருந்தார்கள், எனக்கும் மறக்கவில்லை. அவை அவர்கள் செய்தவை. இந்த ஒன்று நான் செய்தது.

போன ஞாயிறு நீ பிரியாவிடைச் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது, நான் மைதானத்துக்குப் போனேன். ஹெர் லோமனுக்கு இப்போது எண்பத்தேழு. பறப்பதில்லை. ஒரு மர வாங்கில் அமர்ந்து, மடியில் பலகை வைத்து, பறப்புப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்து, "உங்கள் மகன் எப்படி? வலிப்பு நின்றுவிட்டதா?" என்று கேட்டார். அப்படிக் கேட்டவரிடம் உண்மையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? சொன்னேன். படையணியின் தாள்கள், 'கே' விமானம், அந்தத் தாய், காலுறை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனையை மூடிப் பலகையின் மேல் வைத்தார்.

பிறகு சொன்னார்: "இருபது வருடமாக அந்தப் பையனை நினைத்து, பாவம் பாவம் என்று இருந்தேன். அவனுக்குக் காற்றுத் தெரியும். அப்படி ஒருவன் எனக்குப் பிறகு கிடைக்கவில்லை." அவருக்குக் கோபம் வந்திருந்தது, எனக்கு அது சரியென்றே பட்டது. கொஞ்சம் பொறுத்து, "அவர்கள் குண்டு போட வந்த அன்று எனக்கு ஐந்து வயது. நிலவறையில் அம்மாவின் மடிக்குள் இருந்தேன். என் அம்மாவும் இதற்குக் கையெழுத்துப் போடவில்லை. அவர் கையெழுத்துத் தேவைப்படாத இருபத்தொரு வயது வரும்வரை காத்திருந்தேன். சாகும்வரை அவர் ஒரு நாளும் இந்தப் புல்லில் கால் வைத்ததில்லை. நீங்களாவது வந்திருக்கிறீர்கள்" என்றார். பட்டியலைத் திருப்பி, என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.

அந்தப் பட்டியலின் தலைப்புகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தேன். எந்த விமானம், யார் யார், ஏறிய நேரம், இறங்கிய நேரம். அதே கட்டங்கள்.

என்னை ஏற்றிக்கொண்டு கிளைடரை ஓட்டியது இருபத்திரண்டு வயதுப் பெட்டைப்பிள்ளை. "பயமென்றால் சொல்லுங்கள்" என்றாள். "பயம்தான், நீ ஓட்டு" என்றேன். கயிறு இழுத்தபோது முருகனை ஒரு தரம் கூப்பிட்டேன், அது கழன்ற பிறகு கூப்பிட மறந்துபோனேன். சத்தமே இல்லை, தம்பி. காற்று மட்டும். கீழே பள்ளத்தாக்கு நீளமாகக் கிடந்தது, ஆறு, அதன் மேல் தொங்கு ரயிலின் பச்சைக் கம்பிகள், ஆயிரம் கூரைகள். ஆட்களைத் தேடினேன், ஒருவரும் தெரியவில்லை. 'நல்ல தீ' என்று ஒருவன் எப்படிச் சொல்லியிருப்பான் என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது. மன்னித்தேனா என்று கேட்காதே, விளங்கியது. பிறகு அப்பா வெயில் மறைக்கப் பல்கனிக்குக் கட்டிய நீலப் படங்கு கண்ணில் பட்டது, உடனே அது வெறும் கூரை இல்லாமல் எங்கள் வீடாகிவிட்டது. நீ பதினாலு வயதில் பார்த்திருக்க வேண்டிய காட்சி. நான் உன்னிடமிருந்து எடுத்தது என்ன என்று இருபது வருடத்துக்குப் பிறகு என் கண்ணால் பார்த்தேன். அழுதேன். முன்னால் இருந்த பெட்டை காற்றோட்டம் ஒத்துக்கொள்ளவில்லையாக்கும் என்று நினைத்து மெதுவாக இறக்கினாள். பட்டியலில் என் வரியைக் காட்டினார் ஹெர் லோமன். ஏறியது இரண்டு பன்னிரண்டு, இறங்கியது இரண்டு முப்பத்தொன்று.

மதுராவோடு வாழப் போகிறவனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் அல்லவா? பயம் வந்தால் பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல். அக்கறை, பொறுப்பு, உன் நன்மைக்கு என்று வேறு பெயர் வைத்து அவள் விரும்புவதைத் தடுக்காதே. அவள் தடுத்தாலும், எதற்குப் பயப்படுகிறாய் என்று முதலில் கேள். உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, ஒரு நாள் ஏதோ ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும். அன்றைக்கு என்னை நினைத்துக்கொண்டு பேனையை எடு.

அந்தப் பழைய தாளை நான் எறியவில்லை. இந்தக் கடிதத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கிறேன். ஞாயிறு வீட்டுக்கு வந்து கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டேன். இனி அதற்கு ஒரு பயனும் இல்லை, கனடாவில் கிளைடர் பழக உனக்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம், தெரியும். ஆனாலும் போட்டேன். நீ தெருவில் வைத்த பலகை விமானமும் நிலவறையில் இருக்கிறது. அப்பா அன்றைக்கே போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த மாதம் கலியாணத்துக்கு நான் வர வேண்டும். நீ வரச் சொன்னால் வருவேன். வேண்டாமென்று நினைத்தால் அதைச் சொல்லவும் உனக்கு உரிமை இருக்கிறது, அழுதுகொண்டென்றாலும் ஏற்பேன். யோசிக்க நேரம் எடு. ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. விமானம் தரையில் பட்டவுடன் எனக்கு ஒரு செய்தி அனுப்பு. கோபமென்றால் அம்மா என்றுகூட எழுத வேண்டாம், மணியை மட்டும் எழுது. என் கொப்பியில் கட்டம் கீறி வைத்திருக்கிறேன். ஏறிய நேரத்தை விமான நிலையத்தில் நின்று நானே எழுதிக்கொள்வேன். அதற்கடுத்த கட்டம் நீ அனுப்பும்வரை வெறுமையாக இருக்கும்.

அம்மா